டோக்கனைக் கேட்டால் வீடு பதில் சொல்லாது

கேள்வி இது: "அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் வீடுகளை டோக்கன்களாகப் பிரித்து, ஒரு டோக்கன் 50 டாலர் அளவில் விற்கிறார்கள். கணக்கு எல்லாம் பிளாக்செயினில் திறந்தே கிடப்பதால், ஒரு ஏஐ உதவியாளரிடம் கேட்டாலே வீட்டின் நிலவரம், வாடகை, யாரிடம் எத்தனை பங்கு என்று எல்லாமே தெரிந்துவிடும் என்கிறார் நண்பர். இது உண்மையா? உண்மை என்றால் எப்படிக் கேட்பது?"

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. டோக்கனைப் பற்றி அநேகமாக எதை வேண்டுமானாலும் கேட்கலாம், சரியாகக் கேட்டால் நல்ல பதில் வரும். வீட்டைப் பற்றி பிளாக்செயினுக்கு, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய அந்தப் பொதுக் கணக்கேட்டுக்கு (சுருக்கமாகச் செயின்), ஒன்றுமே தெரியாது. இந்த இரண்டையும் ஏஐ ஒரே வாக்கியத்தில் கலந்து சொல்லிவிடும் என்பதுதான் பிரச்சினை. எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், தனி ஆள் ஒருவர் ஒரு மாலையில் செய்ய முடியாத வேலையை இந்தக் கருவிகள் செய்து கொடுக்கும். நான் பொது பிளாக்செயின் தரவுகளைப் படிப்பதையே வேலையாக வைத்திருப்பவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் வாங்கப்போவது என்ன என்று பார்த்துவிடலாம். டெட்ராய்ட்டில் இதை ஆரம்பித்து வைத்தது ரியல்டி (RealT) என்ற நிறுவனம். 2019-இல் மார்லோ தெருவில் ஒரு வீட்டோடு தொடங்கினார்கள். அப்புறம் நூற்றுக்கணக்கான வீடுகள் வந்தன. அமைப்பு இப்படி: ஒவ்வொரு வீட்டுக்கும் எல்எல்சி எனப்படும் ஒரு சின்ன கம்பெனியை உருவாக்குகிறார்கள். வீட்டுப் பத்திரம் அந்தக் கம்பெனியின் பெயரில் இருக்க வேண்டும். கம்பெனியின் பங்குகளைத்தான் டோக்கன்களாக, அதாவது பிளாக்செயினில் பதிந்த டிஜிட்டல் துண்டுகளாக, விற்கிறார்கள். ஆக, உங்கள் கைக்கு வருவது வீட்டின் ஒரு துண்டு இல்லை. வீட்டை வைத்திருக்கும் கம்பெனியின் ஒரு துண்டு. அந்தக் கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள உறவு டெட்ராய்ட் அடங்கிய வெயின் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. பிளாக்செயினில் இல்லை.

டோக்கன்கள் இஆர்சி-20 என்ற வழக்கமான தரத்தில் எழுதப்பட்டவை. தொடக்கத்தில் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இருந்தன. அங்கே பரிமாற்றக் கட்டணம் ஏறியதும் பெரும்பகுதி நடமாட்டம் நோசிஸ் செயின் என்ற மலிவான பிளாக்செயினுக்கு வந்துவிட்டது. அதன் பழைய பெயர் எக்ஸ்டாய். ஒரு டோக்கனின் விலையே 50 டாலர் என்றால், அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற 20 டாலர் கட்டணம் கொடுக்க முடியாது இல்லையா? அதனால்தான் இந்த இடமாற்றம். வாடகையும் நோசிஸ் செயினிலேயே, டாலருக்கு இணையான ஸ்டேபிள்காயினாக வாராவாரம் டோக்கன் வைத்திருப்பவர்களின் வாலட்டுக்கு, அதாவது டிஜிட்டல் பணப்பைக்கு, வரும் என்பது ஏற்பாடு.

ஆய்வு செய்பவர்களுக்கு வசதியான ஒரு விஷயம் இதில் உண்டு. இந்த டோக்கன்களின் பெயரிலேயே வீட்டின் முகவரி எழுதப்பட்டிருக்கும்: கதவு எண், தெரு, ஊர், மாநிலம் எல்லாம். மற்ற பல திட்டங்களில் டோக்கனுக்கு ஏதோ ஒரு குறிப்பெண்தான் இருக்கும். அது எந்த வீடு என்று கண்டுபிடிக்கவே ஆவணங்களைத் தோண்ட வேண்டியிருக்கும். இங்கே அந்த வேலை இல்லை. செயினில் உள்ள பெயரையும் நகராட்சிப் பதிவேட்டில் உள்ள பெயரையும் இணைத்துப் பார்க்கலாம். ஏஐ உதவியாளர் நமக்கு உண்மையிலேயே கைகொடுப்பது இங்கேதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உதவியாளருக்கு செயின் எப்படித் தெரிகிறது என்பது. நீங்கள் வெறுமனே சாட்ஜிபிடியையோ கிளாடையோ திறந்து "மார்லோ தெரு வீட்டு டோக்கன் எத்தனை பேரிடம் இருக்கிறது?" என்று கேட்டால், அது செயினைத் திறந்து பார்ப்பதில்லை. பயிற்சியின்போது படித்ததிலிருந்து நினைவாகச் சொல்லும், அல்லது இணையத்தில் தேடிக் கிடைத்ததைச் சொல்லும். நினைவில் இல்லாவிட்டாலும், இருக்கலாம் என்று தோன்றுவதைச் சொல்லிவிடும். டோக்கனை இயக்கும் நிரல் செயினில் இருக்கும் இடம்தான் ஒப்பந்த முகவரி; அதைக் கேட்டால் 42 எழுத்தில் ஒன்றைத் தரும். பார்க்க அசல் போலவே இருக்கும், செயினைத் தேடிப் பார்க்கும் இணையதளமான எக்ஸ்ப்ளோரரில் போட்டால் அங்கே ஒன்றுமே இருக்காது. அந்த முகவரிக்கு யாராவது பணம் அனுப்பிவிட்டால் அது போனதுதான். எனவே ஒப்பந்த முகவரியை ஒருபோதும் ஏஐ-யிடம் கேட்டு வாங்காதீர்கள். டோக்கனை வெளியிட்டவரின் பக்கத்திலிருந்தோ, எக்ஸ்ப்ளோரரிலிருந்தோ நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

செயினை நேரடியாகப் படிக்க வைக்க உதவியாளருக்கு ஒரு கருவி வேண்டும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்று ஒரு பொது இணைப்பு முறையை வெளியிட்டது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பதன் சுருக்கம். ஒரு தரவுத்தளமோ இணையச் சேவையோ இந்த முறையில் ஒரு சர்வரை வைத்துவிட்டால், இந்த முறையை ஏற்கும் எந்த ஏஐ உதவியாளரும் அதனோடு பேசலாம். பிளாக்ஸ்கௌட் என்ற திறந்தநிலை எக்ஸ்ப்ளோரர் இப்படி ஒரு எம்சிபி சர்வரை நடத்துகிறது. நோசிஸ் செயினும் அதில் அடக்கம். அதை இணைத்த பிறகு அதே கேள்வியைக் கேட்டால், உதவியாளர் டோக்கன் விவரத்தை எடுக்கும், வைத்திருப்பவர் பட்டியலை எடுக்கும், எந்தக் கருவியை எந்த விவரத்தோடு கூப்பிட்டது என்று திரையில் காட்டும். அந்த வரிகளைத் தவறாமல் திறந்து பாருங்கள். கருவியைக் கூப்பிட்ட தடயம் இல்லாத எண் எதையும் நான் எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு வழி டூன் என்ற இணையதளம். அங்கே செயின் தரவு முழுவதும் அட்டவணைகளாக இருக்கும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் என்ற மொழியில் எழுதத் தெரிந்தால் எதையும் கேட்கலாம். எஸ்க்யூஎல் தெரியாதவர்களுக்கு உதவியாளர் எழுதிக் கொடுக்கும். பெரிய கேள்விகளுக்கு எனக்குப் பிடித்தது இந்த வழிதான். காரணம், ஏஐ இங்கே எண்ணைச் சொல்வதில்லை, எண்ணைக் கணக்கிடும் வழியை எழுதித் தருகிறது. கணக்கைத் தரவுத்தளம் செய்கிறது. வழி தப்பாக இருந்தால் வரியைப் படித்து யாராவது கண்டுபிடிக்கலாம், நாளைக்குத் திருத்தலாம், இன்னொருவரிடம் காட்டலாம். உரையாடலில் வந்து விழும் எண்ணுக்கு இந்த வசதி கிடையாது.

நான் ஒருமுறை நன்றாகச் சறுக்கினேன், அதைச் சொன்னால் உங்களுக்கு உதவும். நண்பர் ஒருவருக்காக ஒரு வீட்டு டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான டோக்கன்கள் ஒரே முகவரியில் இருப்பதாக உதவியாளர் சொன்னது. எக்ஸ்ப்ளோரரில் பார்த்தேன், எண் சரியாக இருந்தது. "ஒரே முதலீட்டாளர் கையில் இவ்வளவு குவிந்திருந்தால் ஆபத்து" என்று அதுவே விளக்கமும் கொடுத்தது. நானும் அதை அப்படியே நண்பரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் அந்த முகவரியையே திறந்து பார்த்தேன். அது ஆளே இல்லை, ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது செயினில் தானாக இயங்கும் நிரல். இந்த டோக்கன்களை அடகு வைத்து ஸ்டேபிள்காயின் கடன் வாங்க ஆர்எம்எம் என்று ஓர் ஏற்பாடு நோசிஸ் செயினில் இருக்கிறது. அடகு வைத்தவர்களின் டோக்கன்கள் எல்லாம் அந்த ஒரே பெட்டகத்தில் கிடக்கும். உள்ளே பல பேருடைய பங்கு இருந்தது. எண் சரி, பொருள் முழுக்கத் தவறு. நண்பரிடம் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து "எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்" என்று நான் கேட்பதில்லை. இப்படிக் கேட்கிறேன்: "இந்த டோக்கனை வைத்திருக்கும் முகவரிகளைப் பட்டியலிடு. ஒவ்வொன்றும் சாதாரண வாலட்டா, கான்ட்ராக்டா என்று தனியாகக் குறி. கான்ட்ராக்ட் என்றால் அது என்ன வேலை செய்கிறது என்று அதன் சரிபார்க்கப்பட்ட மூல நிரலைப் படித்துச் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. பட்டியல் முழுசாக வந்ததா, பக்கம் பக்கமாக வந்ததில் பாதியோடு நிறுத்திவிட்டாயா என்பதையும் சொல்." கடைசி வரி முக்கியம். இந்தச் சேவைகள் ஒரு தடவைக்கு இவ்வளவு வரிசைகள்தான் தருவோம் என்று வரம்பு வைத்திருக்கும். முதல் பக்கத்தை மட்டும் எண்ணிவிட்டு, அதுதான் மொத்தம் என்று உதவியாளர் சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை.

பத்து மடங்கு, லட்சம் மடங்கு வித்தியாசத்தில் எண் வந்தால் தசம இடங்களைப் பாருங்கள். இஆர்சி-20 டோக்கன்களில் 18 தசம இடங்கள் என்பது பொதுவான வழக்கம். 1,000 டோக்கன் என்பது செயினில் 1,000-க்குப் பின்னால் இன்னும் 18 பூஜ்ஜியங்களோடு பதிந்திருக்கும். ஆனால் யுஎஸ்டிசி போன்ற ஸ்டேபிள்காயினுக்கு 6 இடம்தான். வாடகைக் கணக்கில் இந்த இரண்டும் சேர்ந்து வரும்போது, ஒன்றுக்குப் போட்ட வகுத்தலையே மற்றதற்கும் போட்டுவிட்டால் வாடகை சுத்தமாகக் காணாமல் போகும்.

சரி, வாடகைக்கு வருவோம். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், எல்லாரும் ஏமாறுவதும் இதில்தான். செயினில் வாராவாரம் பணம் வந்தது அப்படியே தெரியும். உதவியாளரிடம் கொடுத்தால் அழகாக வரைபடம் போட்டு, வருட விளைச்சல் (போட்ட பணத்துக்குக் கிடைக்கும் வருமானம்) இத்தனை சதவீதம் என்று சொல்லும். பார்த்தால் வீட்டில் குடியிருப்பவர் ஒழுங்காக வாடகை கட்டுகிறார் என்றுதான் தோன்றும். ஆனால் பணம் வருவது குடியிருப்பவரின் கையிலிருந்து இல்லை. நிர்வாகம் செய்யும் கம்பெனியின் வாலட்டிலிருந்து வருகிறது. குடியிருப்பவர் டாலரில், வங்கி வழியாகவோ காசோலையாகவோ, வீட்டைப் பராமரிக்கும் நிறுவனத்திடம் கட்டுகிறார். அவர்கள் செலவைக் கழித்து அனுப்பியதை மேலே உள்ளவர்கள் ஸ்டேபிள்காயினாக மாற்றிப் பிரிக்கிறார்கள். நடுவில் நடப்பது எதுவும் செயினில் இல்லை. வீடு காலியாக இருக்கும்போதும் கையிருப்பிலிருந்து பணம் தொடரலாம். வீட்டில் ஆள் இருந்தும், கூரை பழுதுக்காகப் பணம் நிற்கலாம். ஆகவே "இந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா?" என்ற கேள்விக்குச் செயினை வைத்து உதவியாளர் பதில் சொன்னால் அது ஊகம்.

செயினை வைத்து நேர்மையாகக் கேட்கக்கூடிய கேள்வி வேறு: "கடந்த இரண்டு வருடத்தில் எந்தெந்த வாரங்களில் பணம் வரவில்லை? எந்த வாரத்திலிருந்து தொகை குறைந்தது? இதே நிறுவனத்தின் மற்ற வீடுகளில் அதே வாரத்தில் என்ன ஆனது?" ஒரு வீட்டுக்கு மட்டும் நின்றிருந்தால் அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. முப்பது வீட்டுக்கு ஒரே வாரத்தில் நின்றிருந்தால் பராமரிப்பு நிறுவனம் மாறியிருக்கலாம், அல்லது அதைவிடப் பெரிய பிரச்சினை இருக்கலாம். என்ன என்பதைச் செயின் சொல்லாது. எங்கே போய்த் தேட வேண்டும் என்று விரலால் காட்டும். இரண்டு வருட வாராந்திர வரவை முப்பது வீடுகளுக்கு ஒப்பிடுவது கையால் செய்தால் பல நாள் வேலை. எஸ்க்யூஎல் எழுதத் தெரிந்த உதவியாளருக்குச் சில நிமிடம்.

இப்போது வீடு. டெட்ராய்ட் எப்படிப்பட்ட ஊர் என்று தெரியாமல் இந்தத் தரவைப் படிக்கக் கூடாது. 1950-இல் அங்கே 18 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6,39,111 பேர். கார் ஆலைகள் போயின, மக்கள் புறநகருக்குப் போனார்கள், 2013-இல் நகராட்சியே திவாலானதாக அறிவித்தது. ஒரு காலத்தில் மூன்று மடங்கு மக்களுக்காகக் கட்டிய வீடுகள் நிற்கின்றன. பல வீடுகள் நூறு வயதை நெருங்குகின்றன. அதனால்தான் அங்கே வீடு இவ்வளவு மலிவு. மலிவு என்பதால்தான் உலகின் எந்த மூலையிலோ இருப்பவர்களுக்கு 50 டாலர் துண்டுகளாக விற்க முடிந்தது. பழைய வீடு என்றால் ஈயம் கலந்த பெயின்ட், பழைய குழாய், குளிர்காலத்தில் பழுதாகும் ஹீட்டர். யாராவது உள்ளூரில் இருந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய வீடுகள் இவை.

2025 ஜூலையில் டெட்ராய்ட் நகராட்சி ரியல்டி மீதும் அதன் நிறுவனர்கள் மீதும் அதனோடு சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் மீதும் வழக்குத் தொடர்ந்தது. நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள் பராமரிப்பின்றி, விதிமீறல்களோடு இருக்கின்றன என்பது நகராட்சியின் குற்றச்சாட்டு. வாடகைக்கு விட வேண்டுமானால் ஒரு வீட்டுக்கு நகராட்சியின் தகுதிச் சான்று வேண்டும். அது இல்லாமல் வாடகை வசூலித்தார்கள் என்பதும் அதில் உண்டு. இவை நகராட்சி வைக்கும் குற்றச்சாட்டுகள். உங்களுக்கு நான் சொல்ல வருவது என்னவென்றால், வழக்குக்கு முந்தைய நாள் இந்த டோக்கன்களை ஏஐ-யிடம் கொடுத்து, செயின் தரவை மட்டும் வைத்து ஆராயச் சொல்லியிருந்தால், அந்த வீடுகளின் கூரையைப் பற்றியோ ஹீட்டரைப் பற்றியோ ஒரு வரிகூட வந்திருக்காது. ஏனென்றால் செயினில் கூரை இல்லை. அந்த வீடுகளுக்குள் குளிரில் குழந்தைகளோடு இருந்தவர்களுக்கு இது தரவுப் பிரச்சினை இல்லை, அன்றாடப் பிரச்சினை. 50 டாலர் போடுகிற நாமும் அந்த வீட்டுக்கு ஒரு வகையில் வீட்டுக்காரர்தான். அந்த எண்ணத்தோடு தேட ஆரம்பித்தால் கேட்கிற கேள்வியே மாறிவிடும்.

நல்ல செய்தி, கூரையைப் பற்றிய தரவும் பொதுவில் இருக்கிறது. டெட்ராய்ட் நகராட்சி திறந்த தரவுத் தளம் ஒன்றை நடத்துகிறது. வீட்டுப் பராமரிப்பு விதிமீறலுக்காகக் கொடுத்த அபராதச் சீட்டுகள் முகவரி, தேதி, காரணம், கட்டியாயிற்றா இல்லையா என்ற விவரத்தோடு அங்கே கிடைக்கும். மனை விவரங்களும் உண்டு. சொத்து வரி பாக்கி வெயின் கவுன்டி கருவூலத்தில் தெரியும். மிச்சிகனில் மூன்று வருடம் வரி கட்டாவிட்டால் கவுன்டி வீட்டையே பறிமுதல் செய்து ஏலம் விடலாம், ஆகவே இது அற்ப விஷயம் இல்லை. கிரயப் பத்திரம் வெயின் கவுன்டி பத்திரப் பதிவகத்தில். நம் ஊரில் மனை வாங்குமுன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோமே, அதே வேலைதான்: டோக்கன் எந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்கிறதோ, அந்தக் கம்பெனியின் பெயரில்தான் இன்றைக்குப் பத்திரம் இருக்கிறதா?

முன்பே சொன்ன முகவரி இணைப்பு இங்கே வருகிறது. டோக்கன் பெயரிலிருந்து முகவரியை எடுத்து, நகராட்சிக் கோப்பில் உள்ள முகவரியோடு பொருத்த வேண்டும். கேட்கச் சுலபம். செய்யும்போது ஓர் இடத்தில் தெருவைச் சுருக்கி எழுதியிருப்பார்கள், இன்னோர் இடத்தில் முழுசாக. ஓர் இடத்தில் கிழக்கு, மேற்கு என்ற முன்னொட்டு இருக்கும், இன்னோர் இடத்தில் இருக்காது. இரட்டை வீடு என்றால் இரண்டு கதவு எண். எழுத்துப் பிழைகள் தனி. இந்த மாதிரி ஒழுங்கற்ற பெயர்களைப் பொருத்துவதில், ஏஐ உதவியாளர்களை இயக்கும் மொழி மாதிரிகள் அருமையாக வேலை செய்யும். பழைய நிரல்களால் இவ்வளவு நன்றாக முடியாது. நானூறு முகவரிகளைக் கொடுத்தால் பெரும்பாலானவற்றைச் சரியாகவே பொருத்திவிடும்.

ஆனால் தப்பாகப் பொருத்திய ஐந்தாறையும் அதே உறுதியோடு சொல்லும். கிழக்குத் தெரு வீட்டை மேற்குத் தெரு வீட்டோடு சேர்த்துவிட்டால், யாரோ ஒருவரின் அபராதம் உங்கள் வீட்டின் மேல் வந்துவிடும். அதனால் பொருத்தியதை மூன்று வகையாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: அப்படியே பொருந்தியது, சிறு மாற்றத்தோடு பொருந்தியது, சந்தேகம். இரண்டாவதையும் மூன்றாவதையும் கண்ணால் பாருங்கள். பொருந்திய பிறகு முகவரியை விட்டுவிட்டு நகராட்சியின் மனை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது ஒரு மனைக்கு ஒன்றுதான். அபராதம், வரி எல்லாம் அந்த எண்ணின் கீழேயே வரும்.

விலை பற்றி ஒரு வார்த்தை. "இந்த டோக்கனின் இன்றைய விலை என்ன?" என்று கேட்டால் மூன்று வேறு எண்களில் ஏதோ ஒன்று வரும். வெளியிட்டவர் மதிப்பிட்ட விலை ஒன்று. அடகு ஏற்பாட்டில் கடன் கணக்குக்காகப் பயன்படுத்தும் விலை இன்னொன்று. ஆளுக்கு ஆள் நேரடியாக விற்றுக்கொள்ளும் இடத்தில் கடைசியாகக் கைமாறிய விலை மூன்றாவது. முதல் இரண்டும் ஒருவர் எழுதி வைப்பவை. மூன்றாவதுதான் சந்தை, ஆனால் ஒரு மாதத்தில் நாலே நாலு டோக்கன் கைமாறியிருந்தால் அதையும் சந்தை விலை என்று சொல்ல முடியாது. எந்த விலை, எந்தத் தேதி, எத்தனை டோக்கன் கைமாறியது என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் 50 டாலரைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதற்கு இந்த எண்ணிக்கைதான் பதில், விளைச்சல் சதவீதம் இல்லை.

ஸ்மார்ட் கான்ட்ராக்டைப் படிக்கவும் உதவியாளரைப் பயன்படுத்தலாம். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இது பெரிய கதவு. "புதிய டோக்கன் உருவாக்கும் அதிகாரம் யாரிடம்? என் வாலட்டில் உள்ளதை முடக்கவோ திரும்ப எடுக்கவோ யாராவது செய்ய முடியுமா? யாருக்கு மாற்றலாம் என்று கட்டுப்பாடு உண்டா?" என்று கேளுங்கள். இந்த வகை டோக்கன்கள் பங்குச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதால், அடையாளம் சரிபார்த்த வாலட்டுகளுக்கு மட்டுமே மாற்ற முடியும் என்ற கட்டுப்பாடு நிரலிலேயே இருக்கும். ஒரு கவனிப்பு: பல கான்ட்ராக்டுகள் முன்வாசல் போல ஒரு சின்ன நிரலை மட்டும் அந்த முகவரியில் வைத்து, உண்மையான வேலையை வேறொரு முகவரியில் வைத்திருக்கும். முன்வாசலை மட்டும் படித்துவிட்டு "இதில் அப்படிப்பட்ட அதிகாரம் எதுவும் இல்லை" என்று உதவியாளர் சொல்லிவிடலாம். "இது வேறு கான்ட்ராக்டைச் சுட்டுகிறதா? சுட்டினால் அதையும் படி" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா இடத்திலும் வீடும் டோக்கனும் இப்படிப் பிரிந்தே இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துபாயில் 2025 மே மாதம் நிலத் துறையே முன்வந்து, பிரிப்கோ மின்ட் என்ற தளத்தோடு டோக்கன் திட்டத்தை ஆரம்பித்தது. எக்ஸ்ஆர்பி லெட்ஜர் என்ற பிளாக்செயினில் நடக்கிறது. குறைந்தது 2,000 திர்ஹாம் போட்டால் போதும். முதல் கட்டத்தில் அமீரக அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். டெட்ராய்ட்டோடு உள்ள வேறுபாடு, பத்திரத்தைப் பதிவு செய்யும் அதே அரசுத் துறை டோக்கனுக்கும் பொறுப்பேற்கிறது. அதனால் "டோக்கன் சொல்லும் கம்பெனியிடம் வீடு இருக்கிறதா" என்ற பெரிய கேள்வி அங்கே சின்னதாகிவிடுகிறது. அமீரகத்தில் வேலை செய்யும் நம்மவர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, உரிமை யாருடையது என்ற கேள்வி அங்கே தெளிவாக இருந்தாலும், வாடகை வருமா, விற்க ஆள் கிடைக்குமா, பராமரிப்புச் செலவு எவ்வளவு என்பவை எந்த ஊரிலும் செயினுக்கு வெளியே இருக்கும் கேள்விகள்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. தரவைப் படிக்க உதவியாளருக்கு உங்கள் வாலட்டின் சாவி தேவையே இல்லை. வாலட்டைத் திரும்பத் திறக்க உதவும் மீட்புச் சொற்கள் 12 ஆனாலும் 24 ஆனாலும் எந்த உரையாடல் பெட்டியிலும் ஒட்டாதீர்கள். உங்கள் சார்பில் கையெழுத்திடும் வசதியைக் கொடுக்காதீர்கள். படிக்க மட்டும் அனுமதி போதும். உங்கள் வாலட் முகவரியை உங்கள் பெயரோடு சேர்த்து எழுதினால், அந்த வாலட்டின் முழு வரலாறும் உங்கள் பெயரோடு சேர்ந்துவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு ஆபத்து உண்டு. யார் வேண்டுமானாலும் ஒரு டோக்கனை உருவாக்கி, அதற்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைத்து, உங்கள் வாலட்டுக்கு இலவசமாக அனுப்பிவிடலாம். பெயரிலேயே "பரிசைப் பெற இந்த இணையதளத்துக்குப் போ" என்று எழுதியிருப்பார்கள். மனிதர் பார்த்தால் சந்தேகப்படுவார். உங்கள் வாலட்டை ஆராயும் உதவியாளரோ அந்தப் பெயரையும் தரவாகப் படிக்கிறது. அதில் எழுதியிருப்பதை ஓர் அறிவுரையாக எடுத்துக்கொண்டு உங்களிடமே அதைப் பரிந்துரைக்க வாய்ப்பு உண்டு. செயினில் உள்ள எழுத்து எல்லாம் யாரோ ஒரு அந்நியர் எழுதியது. எந்த இணைப்பையும் உதவியாளர் சொன்னது என்பதற்காகத் திறக்காதீர்கள்.

நீங்கள் இந்தியாவில் இருந்தால் வரிக் கணக்குக்கும் இந்தத் தரவு வேண்டியிருக்கும். 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளை விற்று வரும் லாபத்துக்கு இங்கே 30 சதவீத வரி. வாராவாரம் வரும் சின்னச் சின்ன வாடகைத் தொகைகளைத் தேதி வாரியாக, அன்றைய ரூபாய் மதிப்போடு ஒரு சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாக எடுத்துத் தரச் சொன்னால் உதவியாளர் நன்றாகச் செய்யும். எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதை அதனிடம் கேட்காமல், அந்தக் கோப்பை உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள்.

கடைசியாக என் பழக்கம் ஒன்று. உதவியாளர் தரும் ஒவ்வொரு செயின் எண்ணோடும் பிளாக் எண்ணைச் சேர்த்துத் தரச் சொல்வேன். நோசிஸ் செயினில் ஏறக்குறைய 5 விநாடிக்கு ஒரு பிளாக், அதாவது பதிவுகளின் ஒரு புதிய தொகுதி, உருவாகிறது; பிளாக் எண் இருந்தால் எந்த நொடியின் நிலவரம் என்று தெரியும், இன்னொருவர் அதே நொடிக்குப் போய்ச் சரிபார்க்கலாம். நகராட்சித் தரவுக்குப் பக்கத்தில் கோப்பை இறக்கிய தேதி. ஒரே பக்கத்தில் இடப்பக்கம் டோக்கன், வலப்பக்கம் வீடு என்று எழுதி வைப்பேன். இடப்பக்கம் நிறைந்து, வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்த வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அபராதச் சீட்டும் வரி பாக்கியும் பத்திரமும் வலப்பக்கத்தில் ஏறும்வரை அந்த வீட்டில் பணம் போடலாமா என்று யார் கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை.